ஒட்டியதும் வெட்டியதும்

பேட்மேனாக மைக்கேல் கீட்டன் நடிக்கிறார் என்று 1988இல் தெரியவந்ததும் அமெரிக்கச் சித்திரக்கதை ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். சிரிப்புப் படங்களில் பேர் வாங்கியவருக்கு இந்த வேடமா என்று கேட்டு வார்னர் பிரதர்ஸ் அலுவலகத்தில் ஐம்பதாயிரம் கடிதங்கள் குவிந்ததாகச் சொல்வார்கள். நிறுவனம் அவசர அவசரமாக ஒரு டிரெய்லரைத் தயாரித்தது. பின்னணி இசைகூட இல்லை. அந்தத் துண்டுக்காகவே வேறு படத்துக்கு டிக்கெட் எடுத்து, அது முடிந்ததும் எழுந்து போனவர்கள் உண்டு. போஸ்டரில் துணிச்சல் இன்னும் கூடுதல். கறுப்பில் தங்க நிற வௌவால் சின்னம், 1989 ஜூன் 23 வெளியீட்டுக்கான தேதி, அவ்வளவுதான். சண்டைக்குக் காரணமான முகத்தைக் காட்டவே இல்லை. சின்னம் பனியன்களில் ஏறி ஊரெல்லாம் சுற்றியது.

சூப்பர்ஹீரோ படங்களின் விளம்பரத்தை எடைபோட இதைவிட நல்ல படிக்கல் கிடைப்பது அரிது. எதைக் காட்டினார்கள் என்பதைவிட எதைக் காட்டாமல் தாங்கினார்கள் என்று பார்க்க வேண்டும்.

டிரெய்லரை வைத்துப் படத்தின் தலையெழுத்தைச் சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஹாலிவுட்டில் டிரெய்லர் வெட்டுவது தனித் தொழில். அதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. கிராஃபிக்ஸ் முடியாத காட்சிகளை வைத்துக்கொண்டு, இரண்டரை நிமிடத்துக்குள், இன்னொருவர் எடுத்த படத்திலிருந்து தங்கள் படத்தை அவர்கள் செய்கிறார்கள். நாம் கைதட்டுவது பெரும்பாலும் அவர்களுக்குத்தான்.

இந்தக் கைதட்டலை நம்பிக் கெட்ட கதை ‘சூசைட் ஸ்குவாட்’. 2015 கோடையில் வந்த முதல் முன்னோட்டம் இருண்டது, மெதுவானது. 2016 ஜனவரியில் குயீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’ பாட்டுக்குத் தாளம் தப்பாமல் வெட்டிய டிரெய்லர் வந்தது. துப்பாக்கிச் சத்தமும் நக்கலும் பாட்டோடு கலந்து துள்ளின, இணையம் கொண்டாடியது. ஆனால் இயக்குநர் டேவிட் அயர் எடுத்திருந்தது அந்தக் குதூகலமான படம் அல்ல. அதனால் டிரெய்லரைச் செய்த டிரெய்லர் பார்க் நிறுவனத்தையே கூப்பிட்டு முழுப்படத்துக்கும் ஒரு பதிப்பு வெட்டச் சொன்னது ஸ்டுடியோ என்று ஹாலிவுட் பத்திரிகைகள் எழுதின. இயக்குநரின் பதிப்பும் அவர்களின் பதிப்பும் மோதி, கடைசியில் ஆகஸ்டில் திரைக்கு வந்தது இரண்டுங்கெட்டான். டிரெய்லரில் பார்த்த ஜோக்கர் காட்சிகள் சில படத்தில் காணாமல் போயிருந்தன. விமர்சகர்கள் கிழித்தார்கள், வசூல் மட்டும் 70 கோடி டாலரைத் தாண்டியது. விளம்பரம் தன் வேலையைச் செய்துவிட்டது, படம்தான் பாவம்.

போஸ்டர்களின் நிலைமை இன்னும் மோசம். 2017இல் ‘ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்’ போஸ்டர் ஒன்றில் தலைகளும் வெடிப்புகளும் கல்யாண வீட்டு குரூப் போட்டோபோல நெருக்கியடித்தன, ரசிகர்களே கேலி செய்தார்கள். யார் பெயர் மேலே வரும் என்பதை அழகுணர்ச்சியைவிட ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது. 2019இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ போஸ்டரில் நடிகை டனாய் குரிராவின் படம் இருந்தது, மேல்வரிசையில் பெயர் இல்லை. எதிர்ப்பு எழுந்ததும் மார்வெல் விரைவாகவே திருத்திய போஸ்டரை வெளியிட்டது.

டிரெய்லருக்கென்றே காட்சி எடுப்பதும் உண்டு. ‘ஸ்பைடர்மேன்’ (2002) டீசரில் கொள்ளையர்களின் ஹெலிகாப்டர் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே கட்டிய வலையில் சிக்கும். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள்.

உளறிக் கெடுத்ததற்கு உதாரணம் ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’. நாயகர்கள் மோதும் படம் என்று விற்றுவிட்டு, 2015 டிசம்பர் டிரெய்லரிலேயே இருவரும் சேர்ந்து டூம்ஸ்டே என்ற அரக்கனை எதிர்ப்பதைக் காட்டிவிட்டார்கள். மார்வெல் நேர் எதிர். ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ டிரெய்லரில் வகாண்டா போர்க்களத்தில் ஹல்க் ஓடிவருவார்; படத்தில் அங்கே ஹல்க் இல்லை, கவசத்துக்குள் அவருடைய மனித வடிவமான புரூஸ் பேனர்தான். இதை ஏமாற்று என்று திட்டுவதைவிடக் கெட்டிக்காரத்தனம் என்று மெச்சலாம்.

ஆனாலும் ரசிகர்கள் கண்ணில் மண் தூவுவது லேசல்ல. 2021 நவம்பரில் ‘ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்’ டிரெய்லரின் பிரேசில் பதிப்பில், ஆளே இல்லாத இடத்திலிருந்து குத்து விழுந்ததுபோல லிசார்ட் என்ற வில்லனின் தலை திரும்பியது. காட்சியிலிருந்து அழிக்கப்பட்ட ஸ்பைடர்மேன் யார் என்பது டிசம்பரில் படம் வந்தபோது உறுதியானது. ரசிகர்கள் ஒரு மாதம் முன்பே சொல்லி முடித்திருந்தார்கள்.