எதிர்த்தரப்பின் வாய்ச்சொல்

அமெரிக்காவில் வீட்டை விற்கக் கொடுப்பவரிடம் ஏஜென்ட்டுகள் பெருமையாகச் சொல்லும் வாக்குறுதி ஒன்று உண்டு: "ஒவ்வொரு ஷோயிங் முடிந்ததும், பார்க்க வந்தவரின் ஏஜென்ட்டிடம் கருத்துக் கேட்டு உங்களுக்கு அனுப்பிவிடுவோம்." கேள்வியை அனுப்பும் வேலையை ஷோயிங்டைம் போன்ற செயலிகள் தாமாகவே செய்துவிடுகின்றன. கருத்துக் கேட்டு வாங்குவதே நல்ல ஏஜென்ட்டின் அடையாளம் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். அடித்தளத்து ஈரவாடை அங்கேயே குடியிருப்பவர் மூக்குக்கு எட்டாது. பத்துப் பேர் தனித்தனியே ஒரே குறையைச் சொன்னால் காதுகொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் பதில் சொல்பவர் யார்? வாங்க வந்தவரின் ஏஜென்ட். தன் வாடிக்கையாளரின் மனத்தில் உள்ளதை வெளியே விடாமல் காப்பது அவர் கடமை. ஏஜென்ட்டுகளின் அமைப்பான தேசிய ரியல்ட்டர்கள் சங்கம் கமிஷன் வழக்கில் செய்துகொண்ட சமரசத்தை அடுத்து, 2024 ஆகஸ்ட் 17 முதல், வீட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே வாங்குபவரோடு அவர் எழுத்து ஒப்பந்தம் போட்டாக வேண்டும். அவர் யாருடைய ஆள் என்பதில் இனி மயக்கத்துக்கே இடமில்லை. "என் ஆளுக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டது, இன்னும் கூடுதலாகவே கொடுப்பார்" என்று அவர் எழுதினால் அது காட்டிக்கொடுப்பது. எனவே "வீடு அழகு, விலைதான் சற்று அதிகம்" என்கிறார். பிடித்திருந்தாலும் அதே வரி, பிடிக்காவிட்டாலும் அதே வரி. அதை வைத்து எதைத் தெரிந்துகொள்வது? விற்பவரின் சொந்த ஏஜென்ட் அவசரக்காரராக இருந்தால், விலையைக் குறைக்கச் சொல்ல அந்த வரியே அவருக்குச் சாட்சியாகிவிடும். நடுவில் நசுங்குவது விற்பவர்.

நியூ ஜெர்சியில் என் தங்கை வீட்டை விற்றபோது வந்த முதல் பதில்களில் ஒன்று "சமையல் வாடை." அன்றோடு அந்த வீட்டில் தாளிப்பு நின்றது. திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தாள். சாமிப் படங்களை அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டினாள். ஐந்து வாரம் பிள்ளைகளுக்குத் தயிர்ச்சாதமும் ரொட்டியும்தான். கடைசியில் வீட்டை வாங்கியவர்களின் ஏஜென்ட் ஒரு வரிகூடப் பதில் எழுதியவரல்லர். அவர்கள் இரண்டாம் முறை அளவு நாடாவோடு வந்து, தங்கள் கட்டில் மாடியறையில் அடங்குமா என்று அளந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த நாடா சொன்னதை எந்தக் கருத்துப் படிவமும் சொல்லவில்லை. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் திரும்ப வந்தார்கள், ஆஃபர் வந்ததா, அக்கம்பக்கத்து வீடுகள் என்ன விலைக்குப் போயின: விற்பவர் தன் ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டிய கணக்கு இதுதான். பேரத்தில் எதிரே உட்காரப்போகிறவரின் வாய்ச்சொல்லுக்காகத் தன் வீட்டு அடுப்பை அணைக்க வேண்டியதில்லை.