சுளையை எண்ணிப் பார்க்கலாம்

பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்லக் கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில் ஒரு வழி உண்டு. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். நூலை எழுதிய காரிநாயனார் சோழநாட்டுக் கொறுக்கையூர்க்காரர். விதி எல்லாப் பழத்துக்கும் பொருந்துமா என்பது இருக்கட்டும். என்னை ஈர்ப்பது கணக்கை அமைத்த விதம். படிக்கிறவர் பக்கத்திலேயே பழம் இருக்கிறது, அரிவாள்மணையும் இருக்கிறது. விடை வந்ததும் அறுத்து எண்ணிவிடலாம். சரியா தவறா என்று வாத்தியார் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

அலுவலக மென்பொருள் கற்பிக்கத் தயாரிக்கப்படும் மாதிரிக் கோப்புகளை நான் இந்தப் பலாப்பழத்தை வைத்தே எடைபோடுகிறேன். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸுடன் வந்த நார்த்விண்ட் தரவுத்தளம் தேர்ந்த கைவேலை. உணவுப்பொருள் வாங்கி விற்கும் ஒரு கற்பனைக் கம்பெனி. வாடிக்கையாளர், ஆர்டர், சரக்கு, ஊழியர் என்று எல்லா அட்டவணையும் ஒன்றுக்கொன்று பிணைந்திருக்கும். புதிதாக வந்தவர் ஒரு அட்டவணையை மட்டும் புரட்டலாம். கைதேர்ந்தவர் நாலைந்தைச் சேர்த்துக் கேள்வி கேட்கலாம். அந்த அடுக்கு அழகானது. ஆனால் திருத்துறைப்பூண்டியிலிருந்து பஸ் ஏறிப் பயிற்சிக்கு வருகிறவருக்கு லண்டன் வாடிக்கையாளரின் பில் தொகை தப்பாக வந்தால் தெரியப்போவதில்லை. அங்கே அறுத்துப் பார்க்கப் பழம் இல்லை.

காவிரி டெல்டாவில் பழம் கண்முன்னே கிடக்கிறது: நேரடி நெல் கொள்முதல் நிலையம். 40 கிலோ சிப்பம், சன்ன ரகம், சாதாரண ரகம், ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற கெடுபிடி எல்லாம் இங்கே வீட்டுப் பேச்சு. 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்குச் சன்ன ரகம் 2,545 ரூபாய், சாதாரண ரகம் 2,500. இதை வைத்து முதல் தாளைப் போடலாம். ஒருவர் 75 சிப்பம் சன்ன ரகம் கொண்டுவருகிறார். கால்க் அல்லது எக்செல் விரிதாளில் முதன்முதலாகக் கை வைக்கிறவர் 75-ஐ நேராக 2,545-ஆல் பெருக்கிவிடுவார். 1,90,875 என்று வரும். சொல்லிக்கொடுப்பவர் வாய் திறக்க வேண்டாம். 75 சிப்பத்துக்கு இவ்வளவு பணம் எந்தக் காலத்திலும் வந்ததில்லை என்று கற்கிறவருக்கே தெரியும். 40 கிலோவைக் குவிண்டாலாக்க மறந்தது பிடிபடும். 30 குவிண்டால், 76,350 ரூபாய்.

அடுத்த படியில் விலையைத் தனியாக ஒரு கட்டத்தில் எழுதி, சூத்திரத்தைக் கீழே இழுக்கச் சொல்ல வேண்டும். சூத்திரத்தில் விலைக்கட்டத்தின் முகவரியை டாலர் குறி போட்டு நிலைநிறுத்தாவிட்டால், அதுவும் கூடவே இறங்கி வெற்றுக் கட்டத்துக்குப் போய்விடும். இரண்டாவது விவசாயிக்குச் சுழியம் விழும். நெல்லைப் போட்டவருக்குப் பணம் இல்லை! டாலர் குறி எதற்கு என்பதை இதைவிட உறைக்கச் சொல்லும் பயிற்சி வேறொன்றை நான் கண்டதில்லை. இந்தப் பிழை தானாக நேரும்படி தாளை அமைப்பதில்தான் அமைப்பவரின் கைத்திறம் தெரியும்.

இதிலெல்லாம் தேறியவர்களுக்கு மேட்டூர் அணைக் கணக்கு. நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி. இதைச் சொல்லாமல் 86,400 நொடியிலிருந்து அவர்களையே கண்டுபிடிக்க விட வேண்டும். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. 60 அடியில் பாதித் தண்ணீர் இருக்கும் என்று எழுதும் சூத்திரம் தப்பு. மேலே போகப் போக நீர்ப்பரப்பு விரிவதால் பாதி உயரத்தில் பாதி நீர் இருக்காது. அட்டவணையில் தேடியெடுக்கும் சூத்திரம் தேவைப்படுவது இங்கேதான். நாளிதழில் தினமும் மட்டத்தையும் இருப்பையும் சேர்த்தே படிக்கிறவர்களுக்கு விடையைச் சரிபார்க்க வேறு ஆள் வேண்டாம்.

நில அளவையும் விடக்கூடாது. 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, ஏக்கரில் 6.61. தாத்தா சொன்ன மாவையும் பட்டாவில் உள்ள ஹெக்டேரையும் ஒரே தாளில் பார்க்கிறபோது கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்ப்பவரும் கல்லூரிப் பெண்ணும் ஒரே அளவுக்குச் சுறுசுறுப்பாகிவிடுவார்கள்.

புதியவர், ஓரளவு பழகியவர், கைதேர்ந்தவர் என மூன்று திறத்தாரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால், கைதேர்ந்தவருக்கு நான் தனிக் கோப்பு தரமாட்டேன். புதியவருக்கான கொள்முதல் தாளை அவரையே தயாரிக்கச் சொல்வேன். ரகத்தைத் தட்டச்சு செய்யாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வைக்க வேண்டும், ஈரப்பதம் 17-ஐத் தாண்டினால் கட்டம் சிவக்க வேண்டும். சூத்திரக் கட்டங்களில் சிலவற்றைப் பூட்டவும் வேண்டும். எதைப் பூட்டுவது, எதைப் புதியவர் தவறு செய்து பார்க்கத் திறந்து விடுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். இரண்டில் மட்டும் நான் தலையிடுவேன்: விலைக் கட்டத்தைப் பூட்டச் சொல்வேன். டாலர் குறியைப் போட்டுக்கொடுக்க விடமாட்டேன்.