பாவில் விட்ட பிழை

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. அங்கே நெய்யும் பேண்டேஜ் துணியும் காஸும் வெளிமாநில ஆஸ்பத்திரிகளுக்கும் போகின்றன. பாவில் விட்ட பிழையை ஊடையில் சரிசெய்ய முடியாது என்பது நெசவாளிக்குத் தெரியும். மருத்துவ ஆய்வுக்கும் அதே விதிதான். ஆய்வின் வடிவமைப்பு பாவு. திரட்டும் எண்கள் ஊடை. ஆய்வை முடித்துவிட்டுப் புள்ளியியலாளரைத் தேடுவது அவரைப் பிணப் பரிசோதனைக்கு அழைப்பது போன்றது என்ற பொருளில் ரொனால்ட் ஃபிஷர் 1938-லேயே, கல்கத்தாவில் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் பேசினார்.

இந்தப் பாடத்தை நம் மருத்துவர்களுக்கு இன்று எப்படிக் கற்றுக்கொடுக்கிறோம்? மருத்துவ முதுநிலை மாணவர்களுக்கும் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் உயிர்மருத்துவ ஆய்வு அடிப்படைப் படிப்பு கட்டாயம். சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் அதை இணையவழியில் நடத்துகிறது. காணொளி விரிவுரைகள், கொள்குறி வினாக்கள், கடைசியில் மையத்துக்குப் போய் எழுதும் தேர்வு. இதுதான் அதன் அமைப்பு.

இதன் பயனைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. முன்பெல்லாம் இந்த விஷயத்தை முறையாகப் படிக்க வேலூருக்கோ சென்னைக்கோ போக வேண்டும். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022 ஜனவரியில்தான். இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓ.பி. முடித்து வீடு திரும்பும் மருத்துவர், வடிவமைப்பு, மாதிரி அளவு, ஆய்வு நெறிமுறை ஆகியவற்றை அத்துறை வல்லுநர்களிடமே கேட்கலாம். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி வழவழப்பான தாளில் ஒரு வரைபடத்தை நீட்டும்போது, “எதோடு ஒப்பிட்டீர்கள்?” என்று கேட்கும் தைரியம் இப்படித்தான் வரும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்தக் காஸ் துணியையே எடுத்துக்கொள்வோம். சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணை, காஸ் கட்டைவிட விலை கூடிய புதுவகைக் கட்டு சீக்கிரம் ஆற்றுகிறதா என்று ராஜபாளையத்து மருத்துவர் ஒருவர் பார்க்க விரும்புகிறார் என்று வையுங்கள். காசு கொடுக்க முடிந்தவருக்குப் புதியது, முடியாதவருக்குக் காஸ். ஆறு மாதம் கழித்துப் புதியதுதான் ஜெயிக்கும். ஆனால் ஜெயித்தது கட்டா, காசா? காசுள்ளவர் நாள் தவறாமல் கட்டு மாற்ற வருவார். சர்க்கரைக்கு மாத்திரையை விடமாட்டார். அந்தக் காலை ஊன்றி மில்லில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டியதில்லை. பாதியில் வராமல் போனவர்கள் கதை இன்னொன்று. புண் ஆறியதால் வரவில்லையா, மதுரைக்குப் போய்க் காலை எடுத்துவிட்டார்களா? அவர்களைக் கழித்துவிட்டு மிச்சத்தை எந்த மென்பொருளில் போட்டாலும் பொய்க்கு மெருகுதான் ஏறும்.

இப்படி ஆட்களைப் பிரிப்பதிலேயே நுழைந்துவிடுவதுதான் தேர்வுப் பிழை. “தேர்வுப் பிழை என்றால் என்ன?” என்ற கேள்விக்கு நான்கில் ஒன்றைச் சரியாகக் குறிப்பவர், தன் ரெஜிஸ்டரில் அந்தப் பிழை உட்கார்ந்திருப்பதைக் காண்பார் என்று சொல்ல முடியாது. தீசிஸ் எழுதும்போது இது வெளிப்படும். கையில் கிடைத்த நோயாளிகளை எண்ணிவிட்டு, அந்த எண் வரும்படி மாதிரி அளவுச் சூத்திரத்தைப் பின்னோக்கிப் போடுவது பல இடங்களில் நடக்கிறது. கணக்கை யாரிடமாவது கொடுத்து வாங்கி, பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் நிம்மதி, வராவிட்டால் கவலை.

நல்ல பாவு எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பாடம் உண்டு. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், 193 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரு சாராரை வீட்டிலும் மறுசாராரை சானட்டோரியத்திலும் வைத்து ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தது. சானட்டோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைத்தன. 1959-ல் வெளியான முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானட்டோரியத்தில் 92 சதவீதம். மேலோட்டமாகப் பார்ப்பவர் சானட்டோரியம் வென்றது என்பார். வடிவமைப்பு தெரிந்தவரோ, இத்தனை பேரில் இந்த 6 புள்ளி வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது என்று காண்பார். வீட்டில் உடனிருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. படுக்கைக்குக் காத்திருந்த ஏழைகளுக்கு வீட்டுச் சிகிச்சை போதும் என்று உலகம் ஒத்துக்கொண்டது இந்த ஆய்வுக்குப் பிறகுதான்.

அதற்காகச் சமவாய்ப்பு ஆய்வு ஒன்றே ஆதாரம் என்று பிடிவாதம் பிடிப்பதும் தவறு. 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் தெரிந்தவுடன் எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமானவர்களை உடனே உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள். சாகக் கிடப்பவரைச் சீட்டுப் போட்டு வெளியே நிறுத்த முடியாது. ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லாத இடத்தில், முந்தைய ஆண்டைவிட இறப்பு குறைந்தால் அது திட்டத்தால்தானா, வேறு காரணமும் சேர்ந்ததா என்ற கேள்வியைக் கூடுதல் கவனத்தோடு கேட்க வேண்டும். இந்த நிதானம் கொள்குறித் தேர்வில் வராது. சொந்த எண்களோடு மல்லுக்கட்டினால்தான் வரும்.

கட்டாயத்தின் எல்லைக்கு வெளியே நிற்பவர்களையும் பார்க்க வேண்டும். எடை போடுவதும், மூச்சை எண்ணுவதும், ரெஜிஸ்டரை நிரப்புவதும் பெரும்பாலும் செவிலியர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், ஆய்வக நுட்புநர்கள். ஊடை நூல் அவர்கள் கையில் இருக்க, பாடம் மருத்துவருக்கு மட்டும் கட்டாயம்.

படிப்பை எடுத்துவிட வேண்டியதில்லை. தேர்வில் ஒரு பங்கை மட்டும் மாற்றினால் போதும். எண்களைத் தொடுமுன், தன் ஆஸ்பத்திரியின் ஒரு கேள்வி, எதோடு ஒப்பிடப்போகிறோம், வராமல் போனவரை எப்படிக் கணக்கில் வைப்போம் என்று ஒரே பக்கம் எழுதித் தரச் சொல்லலாம். அதைக் கட்டு மாற்றும் அறையின் செவிலியரோடு உட்கார்ந்து எழுத வேண்டும் என்பது நிபந்தனையாக இருக்கட்டும். அந்த நோயாளி ஏன் திரும்ப வரவில்லை என்பது பல சமயம் அவருக்குத்தான் தெரியும்.