வேப்பிங் காயிலில் இருந்து வரும் உலோகம்: ஒரே அளவீடு, இரண்டு தீர்ப்பு

வேப்பிங் கருவிக்குள்ளே இருப்பது ஒரு சின்னக் கம்பிச்சுருள். நைக்ரோம் என்றால் பெரும்பாலும் நிக்கல், கூடக் குரோமியம். காந்தல் என்றால் இரும்பு, குரோமியம், அலுமினியம். கம்பி சூடாகிறது, திரவம் ஆவியாகிறது, அதோடு கொஞ்சம் உலோகமும் நுரையீரலுக்குப் போகிறது. இதுவரை சண்டை இல்லை. அந்த "கொஞ்சம்" ஆபத்தா இல்லையா என்பதில்தான் சண்டை.

இதில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகள் இரண்டு. 2015-ல் ஃபார்சலினோஸ் குழு அதுவரை வந்த அளவீடுகளைத் தொகுத்து, ஒரு நாளைக்கு 1,200 இழுப்பு என்று வைத்துக் கணக்குப் போட்டது. பெரிய கவலை இல்லை என்றது. 2018-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு தினமும் வேப் செய்யும் 56 பேரின் சொந்தக் கருவிகளைச் சோதித்தது. பாட்டிலில் இருந்த திரவத்தைவிட ஆவியில் ஈயம் 25 மடங்குக்கும் மேல். ஆவி மாதிரிகளில் ஏறத்தாழ பாதி அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பின் ஈய வரம்பைத் தாண்டின. இதைப் பிடித்தவர்கள் "விஷம்" என்கிறார்கள், அதைப் பிடித்தவர்கள் "வதந்தி" என்கிறார்கள்.

நாமே ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2018 ஆய்வில் ஆவியில் இருந்த ஈயத்தின் இடைநிலை அளவு கிலோவுக்குச் சுமார் 15 மைக்ரோகிராம். ஒருவர் நாளைக்கு 5 கிராம் திரவம் இழுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், உள்ளே போவது 0.075 மைக்ரோகிராம். மூச்சுவழி மருந்துகளுக்கு ஐ.சி.எச். வழிகாட்டி தரும் ஈய வரம்பு நாளைக்கு 5 மைக்ரோகிராம். அதில் அறுபதில் ஒரு பங்குகூட வரவில்லை.

இப்போ அதே எண்ணை வேறு மாதிரி பாருங்கள். ஒரு இழுப்பில் 5 மில்லிகிராம் திரவம், 60 மில்லிலிட்டர் காற்று என்று வைத்தால், அந்த ஆவியில் ஈயம் கன மீட்டருக்கு 1.25 மைக்ரோகிராம். வெளிக்காற்றுக்கான அமெரிக்க வரம்பு 0.15. எட்டு மடங்கு அதிகம்! எண் ஒன்றுதான், வகுத்த விதம்தான் வேறு.

இதுல என்ன சிக்கல்னா, 0.15 என்பது நாள் முழுக்கச் சுவாசிக்கும் காற்றுக்கான மூன்று மாதச் சராசரி. அதை ஒரு இழுப்போடு ஒப்பிடுவது, ஒரு டம்ளர் சாராயத்தின் வீரியத்தைத் தொட்டித் தண்ணீரின் தர வரம்போடு ஒப்பிடுவது மாதிரி. "பாதி மாதிரிகள் வரம்பைத் தாண்டின" என்ற தலைப்புச்செய்தி இந்த ஒப்பீட்டில் நிற்கிறது. அந்த ஆய்வின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது: பாட்டில், தொட்டி, ஆவி என்று மூன்று இடத்திலும் அளந்து, உலோகம் கருவியில் இருந்தே வருகிறது என்று காட்டியது. காயிலை அடிக்கடி மாற்றியவர்களின் ஆவியில் உலோகம் கூடுதலாக இருந்ததையும் பதிவு செய்தது. "புதுக் காயில் போட்டால் பாதுகாப்பு" என்று நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

அப்போ 2015 கட்டுரை ஜெயித்ததா? அதுவும் இல்லை. அது சில உலோகங்களுக்குத் தொழிற்கூட வரம்பை எடுத்துக்கொண்டது. அந்த வரம்பு, வேலை நேரம் முடிந்தால் வீட்டுக்குப் போகிற, வாரக் கடைசியில் ஓய்வு எடுக்கிற வளர்ந்த தொழிலாளிக்கானது. வேப் செய்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. மருந்து வரம்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது: நோயாளிக்கு அந்த மருந்தால் பலன் உண்டு, அதனால் சிறு மாசு பொறுக்கப்படுகிறது. ஈயத்துக்கோ, பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவே அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வரம்புக்குக் கீழே என்பதும் ஆபத்தே இல்லை என்பதும் ஒன்றல்ல.

இன்னொன்று, பாதை. "இந்த உலோகம் சாப்பாட்டுலயே இருக்கே" என்று சிலர் சொல்றாங்க. ஐ.சி.எச். வழிகாட்டியில் குரோமியத்துக்கு வாய்வழி வரம்பு நாளைக்கு 11,000 மைக்ரோகிராம், மூச்சுவழி வரம்பு 3. சாப்பாட்டு வாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அடுத்தது வடிவம். ஆறு இணைதிறன் குரோமியம் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தப்பட்டது. உலோகக் குரோமியம் அப்படி வகைப்படுத்தப்படவில்லை. மொத்தக் குரோமியத்தை மட்டும் அளந்தால் எது எவ்வளவு என்று தெரியாது.

ஆகவே இந்த மாதிரிக் கட்டுரை கையில் கிடைத்தால் மூன்று கேள்வி போதும். எதால் வகுத்தார்கள்? யாருக்காகப் போட்ட வரம்போடு ஒப்பிட்டார்கள்? அளந்தது எந்த வடிவத்தை?

நான்காவது கேள்வி படிப்பவருக்கு: எதற்குப் பதிலாக? சிகரெட் புகையில் காட்மியமும் ஈயமும் இருக்கின்றன, கூடவே எரிந்த புகையிலையின் மற்ற எல்லாமும். இருபது வருஷம் புகைத்துவிட்டு மாறுகிறவருக்குக் காயில் உலோகம் சின்னக் கணக்கு. புகையே தொடாத பதினேழு வயசுப் பையனுக்கு அது சும்மா வாங்கிக்கொள்கிற உலோகம். "கவலை இல்லை" என்று பலரும் மேற்கோள் காட்டும் அந்த 2015 கட்டுரையே புகைக்காதவர்களுக்கு இது தேவையற்றது என்றுதான் முடிகிறது. அந்தக் கடைசி வரியை மட்டும் யாரும் ஷேர் பண்றதில்லை.