வானம் வீழ்தல்: காட்டின் குரலும் கடதாசியின் நீதியும்

ஓரினத்தைப் பற்றிப் பிறர் எழுதுவதும் அவ்வினம் தன்னைப் பற்றித் தானே உரைப்பதும் ஒன்றாகா. முன்னையதில் அம்மக்கள் பேசப்படும் பொருளாகின்றனர், பின்னையதிற் பேசுவோராகின்றனர். அமேசன் மழைக்காட்டின் ஆதிக்குடிகளைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு இலக்கிய உத்தி பற்றிய வேறுபாடு மட்டுமன்று. அவர்களைப் பற்றி எழுதப்பட்டவை அவர்தம் நிலத்தின் எல்லையையும் சில வேளைகளில் அவர்தம் உயிரையும் தீர்மானிக்கும் வலிமை பெற்றிருந்தன. யனொமாமி இனத்துப் பூசகரான தாவி கொபெனாவாவும் பிரெஞ்சு மானிடவியலாளரான புறூஸ் அல்பேர்ட்டும் இணைந்து ஆக்கிய ‘வானம் வீழ்தல்’ எனும் நூலை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். 2010ஆம் ஆண்டிற் பிரெஞ்சிலும் 2013இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த இந்நூல், 2015இலேயே பிறேசிலின் அரச மொழியாகிய போர்த்துக்கேயத்தில் வெளிவந்தது. தன் நாட்டவர் பற்றிய குற்றச்சாட்டு அந்நாட்டவர் மொழிக்கு வந்துசேர ஐந்தாண்டுகள் சென்றமை தற்செயலாயினும் பொருள் பொதிந்ததே.

நூலின் ஆக்கமுறை முதலிற் கவனத்திற்குரியது. 1975 முதல் யனொமாமி மக்களிடையே ஆய்வு நிகழ்த்தி அவர்தம் மொழியைக் கற்ற அல்பேர்ட், 1989இன் இறுதியிலிருந்து பல்லாண்டுகளாகக் கொபெனாவாவின் உரைகளை யனொமாமி மொழியிலேயே ஒலிப்பதிவு செய்தார். அவ்வுரைகள் எழுத்தாக்கப்பட்டு, ஒழுங்குபடுத்தப்பட்டு, மொழிபெயர்க்கப்பட்டு மூன்று பாகங்களாக அமைந்தன. முதற் பாகம் ஒருவன் பூசகனாக உருமாறும் வரலாறு. இரண்டாம் பாகம் உலோகத்தின் புகையோடு வந்த வெள்ளையரின் வரலாறு. மூன்றாம் பாகம் அவ்வெள்ளையரின் நகரங்களைக் கண்டு திரும்பியவனின் தீர்ப்பு. நூல் முழுவதும் ‘நான்’ என்றே பேசுகின்றது. எனினும் அந்த ‘நான்’ இருவர் உழைப்பிற் பிறந்தது. சொல் ஒருவருடையது; வரிசையும் வடிவமும் பெரிதும் மற்றவருடையவை. இதனை மறைக்காது, நூலாக்கம் பற்றி அல்பேர்ட் பின்னுரையில் விரிவாக விளக்குகின்றார். வாய்மொழிக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட இத்தகைய ஆக்கங்களை மதிப்பிடுகையில், ‘இது யாருடைய நூல்?’ என்ற வினாவிலும் ‘இந்நூல் யாருக்குப் பொறுப்புக் கூறுகின்றது?’ என்ற வினாவே முதன்மையானது. எழுதியவர் கல்வித்துறைக்கு மட்டுமன்றி, உரைத்தவருக்கும் அவர்தம் இனத்துக்கும் கடமைப்பட்டவர் என்ற உடன்பாடே இங்கு அடித்தளமாகின்றது.

இரண்டாம் பாகத்தில் வரும் நோய்களின் வரலாறு நூலின் மையம் எனலாம். 1960களின் இறுதியில், மிசனரிமார் நிலைகொண்டிருந்த தூதோதோபி ஆற்றுப் பகுதியிற் சின்னமுத்து நோய் பரவியது. சிறுவனாயிருந்த கொபெனாவா தம் தாயை அதிற் பறிகொடுத்தார். இறந்தோரை எரித்து, சாம்பலைப் பேணி, உறவினர் கூடிச் சடங்கியற்றி அழுது தீர்ப்பதே யனொமாமி மரபு. தாயின் உடலோ அவர்கள் அறியாத இடத்தில் மிசனரிமாராற் புதைக்கப்பட்டது. துயரைத் தீர்க்கும் வழி அடைபட்ட ஒரு பிள்ளையின் நினைவாக இது நூலில் இடம்பெறுகின்றது. 1973இல் இராணுவ அரசாங்கம் காட்டின் வடபகுதியை ஊடறுத்துப் பெருந்தெருவொன்றை அமைக்கத் தொடங்கியபோது நோய்கள் மீண்டும் பரவின. 1987இல் தொடங்கிய பொன் வேட்டையில் 30,000 முதல் 40,000 வரையிலான சட்டவிரோதச் சுரங்கத்தினர் யனொமாமி நிலத்தினுட் புகுந்தனர் என மதிப்பிடப்பட்டது. மலேரியா ஊர் ஊராகப் பரவியது. 1993இல் ஹஷிமு எனும் ஊரைச் சேர்ந்த பதினாறு பேர், பெண்களும் பிள்ளைகளும் உட்பட, சுரங்கத்தினராற் கொல்லப்பட்டனர். அக்கொலை இனப்படுகொலைக் குற்றமெனப் பிறேசிலின் நீதிமன்றங்களில் தீர்ப்பளிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருத்து ‘ஷவாரா’ என்பதாகும். படைப்போனாகிய ஒமாமா உலோகங்களை நிலத்தின் அடியில் மறைத்துவைத்தான். அவற்றைத் தோண்டி எரிக்கையில் எழும் புகையே மனிதரைத் தின்னும் கொள்ளைநோயாகின்றது என்பது கொபெனாவாவின் விளக்கம். இதனைப் பழங்குடி நம்பிக்கை என்று ஒதுக்குதல் எளிது. அழகிய உருவகம் என்று பாராட்டுதல் அதனினும் எளிது. இரண்டுமே நூலின் அறிவுத்திறனை மறுப்பனவாம். ஆற்றங்கரை மண்ணைச் சுரங்கத்தினர் விசைநீர் பாய்ச்சிக் கரைக்கின்றனர். பொற்றுகள்களைச் சேர்க்க இரசம் கலக்கின்றனர். அவ்விரசத்தைப் பின்னர் தீயிலிட்டு ஆவியாக்குகின்றனர். வெளியேறும் இரசம் நீரிற் சேர்ந்து, மீனுட் புகுந்து, மீனை உண்போர் நரம்புகளைத் தாக்குகின்றது. கைவிடப்பட்ட குழிகளில் தேங்கும் நீரில் மலேரியா நுளம்பு பெருகுகின்றது. உலோகம், புகை, நோய் என்ற வரிசையைத் தொன்மத்தின் மொழியிலே கொபெனாவா கூறுகின்றார். அனுபவத்தின் மீது கட்டப்பட்ட அவ்வரிசையின் தருக்கம் வலுவானது.

எழுத்தின் அரசியல் வலிமையை உணர்த்துவதற்கு மற்றொரு நூலை ஒப்புநோக்குதல் தகும். அமெரிக்க மானிடவியலாளரான நெப்போலியன் ஷக்னன் 1968இல் வெளியிட்ட யனொமாமி பற்றிய நூல், அம்மக்களைக் ‘கொடிய மக்கள்’ என்று தலைப்பிலேயே முத்திரையிட்டது. பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் பாடநூலாக விளங்கிய அந்நூலின் படிமம் ஆய்வறைகளோடு நின்றுவிடவில்லை. 1980களின் இறுதியில், யனொமாமி நிலத்தைத் தொடர்பற்ற 19 தீவுகளாகத் துண்டாட பிறேசில் அரசாங்கம் முனைந்தது. ஓயாது போரிடும் மக்கள் என்ற சித்திரம் அத்தகைய துண்டாடலுக்கு நியாயம் தேடித்தருகின்றது எனப் பிறேசிலின் மானிடவியலாளர் கண்டனம் தெரிவித்தனர். கொபெனாவாவோ தம் மக்களிடையே பழிவாங்கற் பூசல்கள் உண்டென்பதை மறுக்கவில்லை. எண்ணெய்க்காகவும் பொன்னுக்காகவும் நிலத்துக்காகவும் ஊர்களை அழிக்கும் வெள்ளையரின் போர்களோடு அவற்றை ஒப்பிட்டு, கொடுமை என்ற சொல் எவருக்குப் பொருந்தும் என்று கேட்கின்றார். ஆராயப்பட்டவன் ஆராய்ந்தவனை நோக்கி வினாத் தொடுக்கும் இவ்விடத்தில் மானிடவியலின் திசையே மாறுகின்றது.

மூன்றாம் பாகத்தில் வெள்ளையரைப் பண்டங்களின் மக்கள் என்று அவர் இனங்காண்கின்றார். யனொமாமி வழக்கிற் பொருள் கைமாறுதற்குரியது. ஒருவன் இறந்தபின் அவன் உடைமைகள் அழிக்கப்படும். பண்டங்களின் மக்களோ அவற்றின் மேற் காதல் கொண்டு, சேர்த்துப் பூட்டிவைத்து, அவற்றால் மனம் மூடுண்டு மறதியுற்றவர்களாகின்றனர். மனித உறவு பொருள்களின் உறவாகத் தோற்றமளிக்கும் நிலையைக் கார்ல் மார்க்ஸ் 1867இல் ‘மூலதனம்’ நூலில் பண்ட வழிபாடு என விளக்கியமை இங்கு நினைவிற்கு வரும். ஆயின் கொபெனாவாவை மார்க்சின் மாணவராக்குதல் தவறு. ஒருவர் ஆலையின் உள்ளிருந்து கண்டதை மற்றவர் அவ்வாலைக்கு மூலப்பொருள் தோண்டப்படும் குழியின் விளிம்பிலிருந்து கண்டார் என்பதே பொருத்தமாகும்.

காட்டைக் குறிக்கும் ‘உரிஹி’ எனும் சொல்லும் இவ்வாறே ஆழ்ந்து நோக்கற்பாலது. அது மரத்தொகுதியையோ வளத்தையோ குறிப்பதன்று; நிலம், நீர், விலங்கு, மனிதர், பூசகர் கண்களுக்கு மட்டும் புலனாகும் ‘ஷபிரி’ எனும் ஆவிகள் அனைத்தும் கூடிய உயிருள்ள உலகு அது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், தெய்வம் முதற் புள்ளும் மரமும் தொழிலும் ஈறாகக் கருப்பொருளாகவும் வகுத்த திணைமரபிற் பயின்ற வாசகர்க்கு இக்கருத்து முற்றிலும் அந்நியமாகாது. திணை செய்யுள் நெறி; உரிஹி வாழ்வு நெறி என்ற வேறுபாட்டை மறத்தலாகாது. ஆயினும் நிலத்தைப் பிரித்துவிட்டு மனிதரைப் பேசவியலாது என்ற புரிதல் இரண்டிற்கும் பொதுவானது.

நூலிற் குறைகள் இல்லாமலில்லை. பேசுபவர் ஆண், பூசகர், தலைவர். யனொமாமிப் பெண்கள் பெரும்பாலும் அவர் நினைவுகளின் ஊடாகவே தோன்றுகின்றனர். சுரங்க முகாம்களின் விளைவை அதிகம் சுமந்தோர் பெண்களே ஆதலின் இக்குறை சிறிதன்று. மேலும், மண்ணைத் தின்போர் என்று சாடப்படும் சுரங்கத்தினர் பலர் வேலையும் நிலமும் அற்ற வறியோர். விமானத்தையும் இயந்திரத்தையும் கொடுத்து, பொன்னை வாங்கி இலாபமீட்டுவோர் நகரத்தில் இருப்பர். நியூயோர்க் நகரின் ஒதுக்குப்புறங்களில் வெள்ளையர் உலகின் வறுமையைக் கூர்ந்து கண்ட அதே கண், காட்டிற் சேற்றில் நிற்பவனுக்கும் அவனை அனுப்பியவனுக்கும் இடையிலான வேறுபாட்டைப் போதிய அழுத்தத்துடன் காட்டவில்லை. தன் ஊரை அழிக்க வந்தவனின் வறுமையை ஆராயும் கடமை அழிவுற்றவனுக்கு இல்லை என்று வாதிடலாம். ஆனால் அக்கடமை வாசகனுக்கு உண்டு.

எழுத்தைப் பற்றி நூல் கொண்டுள்ள ஐயமே அதன் மிக நுண்ணிய பகுதி. வெள்ளையரின் நினைவு குறுகியதாதலால் அவர்கள் சொற்களைக் கடதாசித் தோலில் வரைந்துவைக்கின்றனர் என்பது கொபெனாவாவின் கருத்து. அவ்வாறிருந்தும் அக்கடதாசியையே அவர் ஆயுதமாக்கிக் கொண்டார். 1988ஆம் ஆண்டின் பிறேசில் அரசியலமைப்பு, ஆதிக்குடிகள் மரபுவழி வாழும் நிலத்தின் மீது அவர்க்குள்ள உரிமையை ஏற்றது. 1992 மே மாதத்தில் ஏறத்தாழ 96,650 சதுர கிலோமீற்றர் பரப்பு, அதாவது இலங்கையின் பரப்பைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, யனொமாமி நிலமாக உறுதிசெய்யப்பட்டது. கொபெனாவாவும் அவர்தம் தோழர்களும் பல்லாண்டுகள் நடத்திய இயக்கத்தின் வெற்றி இது.

ஆயினும் கடதாசி இருபுறமும் வெட்டும். 2013இல் நிறைவேறிய ஒரு சட்டம், விற்பவன் எழுதிக்கொடுக்கும் கூற்றையே நம்பிப் பொன்னை வாங்க இடமளித்தது. களவாக அகழ்ந்த பொன், ஒரு தாளில் ஓர் இடப்பெயர் எழுதப்பட்டதும் நேர்மையான பொன்னாயிற்று. 2023 ஏப்ரிலிலேயே அந்நம்பிக்கை விதி உச்ச நீதிமன்றத்தால் இடைநிறுத்தப்பட்டது. அதற்குள் காட்டில் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. 2019 முதல் 2022 வரை ஆட்சியிலிருந்த அரசாங்கத்தின் காலத்திற் சுரங்கங்கள் பெருகின. போதைப்பொருள் கடத்தும் குற்றக் குழுக்களும் பொன்னை நாடின. மருத்துவ நிலையங்கள் செயலிழந்தன. 2023 சனவரியில், எலும்புந்தோலுமான குழந்தைகளின் படங்கள் உலகைச் சென்றடைந்தபோது, பொதுச் சுகாதார அவசரநிலை பிரகடனம் செய்யப்பட்டது. தொடர்ந்து படையினரும் பொலிசாரும் சுரங்கத்தினரை வெளியேற்றினர். வெளியேறியோரிற் சிலர் மீண்டும் மீண்டும் நுழைந்தனர். வெளிவந்து பதின்மூன்று ஆண்டுகள் கழிந்த நூலின் இரண்டாம் பாகம் மறுபடியும் நடந்தேறியது போன்றிருந்தது. ஒரு நூல் தீர்க்கதரிசனமாகிவிடுவது அதன் ஆசிரியர்க்கு மகிழ்ச்சி தருவதன்று. அது கேட்கப்படவில்லை என்பதற்கே அது சான்று.

அமேசனின் வரலாறு தொலைவில் நிகழ்ந்த ஒன்றெனக் கொள்ளுதலும் இயலாது. 1876இல் ஹென்றி விக்கம் அமேசனிலிருந்து கொண்டுசென்ற றப்பர் விதைகளில் முளைத்த கன்றுகள் இலண்டன் கியூ பூங்காவினூடாக இலங்கையின் ஹெனரத்கொடையை வந்தடைந்தன. ஆசியத் தோட்டங்களின் றப்பர் சந்தையை நிறைத்தபோது அமேசனின் றப்பர்ப் பெருவாழ்வு சரிந்தது. அங்கு ஆதிக்குடியின் அடிமையுழைப்பும் இங்கு தோட்டத் தொழிலாளியின் உழைப்பும் ஒரே பண்டத்தின் வரலாற்றில் அடுத்தடுத்த அத்தியாயங்கள். பண்டங்களின் மக்கள் என்ற சொல் எவரைச் சுட்டுகின்றது என்பதை அவ்வரலாற்றோடு சேர்த்தே வாசித்தல் வேண்டும்.

ஆதியில் ஒருமுறை வீழ்ந்த வானத்தைப் பூசகர்கள் தாங்கி நிற்கின்றனர். இறுதிப் பூசகன் மடியும்போது அது யனொமாமியர் மேல் மட்டுமன்றி, அவர்களை அழித்தோர் மேலும் வீழும் என்பது நூலின் முடிவுரை. இவ்வெச்சரிக்கையில் இரங்கல் வேண்டும் குரல் இல்லை. தம் நிலத்தைக் காப்பதன் மூலம் பிறர் நிலத்தையும் தாங்குவோரின் உரிமைக் குரலே ஒலிக்கின்றது. ஆதிக்குடிகளைக் காடழிவின் பரிதாபத்துக்குரிய சாட்சிகளாகக் காட்டும் எழுத்துகளிலிருந்து ‘வானம் வீழ்தல்’ வேறுபடுவது இதனாலேயே. அந்நூலில் அவர்கள் காட்டின் காவலர், உலகின் திறனாய்வாளருங்கூட.