ஒற்றைச் சேவலின் வம்சம்

பொங்கலை ஒட்டித் திண்டுக்கல் பக்கம் நடக்கும் கிளிமூக்கு, விசிறிவால் சேவல் கண்காட்சிகளின் மோகம் திருவண்ணாமலை வட்டாரத்தையும் விட்டுவைக்கவில்லை. பரிசு வாங்கிய சேவலுக்கு லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். கேட்டால், அழியவிருந்த நாட்டினத்தை நாங்கள்தான் காப்பாற்றினோம் என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கத்தி கட்டிச் சண்டைக்கு விட்ட, இந்தச் சேவல்களின் இனமான அசிலுக்குச் சண்டையில்லாமலே ஒரு மதிப்பு கிடைத்திருக்கிறது. பிராய்லர் வந்து கொல்லையைக் காலி செய்த பிறகு, இளைஞர்கள் மறுபடி கோழி வளர்க்க வந்திருக்கிறார்கள். இந்த இரண்டுக்காகவும் அவர்களைப் பாராட்டலாம். ஆனால் இப்போது வளர்க்கிற முறையில் இனம் பிழைக்கும் என்பதை ஏற்கவே முடியாது.

பரிசு பெற்ற சேவல் ஒன்றிடம் கிடைக்கிற பேடுகளையெல்லாம் சேர்க்கிறார்கள். பிறந்த மகளையும் அதனோடே சேர்த்து ‘லைன்’ பிடிக்கிறார்கள். அலகு வளைவும் வால் நீளமும் மாறாமல் வர இது குறுக்குவழி. இதன் விலையை ஒரு சின்னக் கணக்கு காட்டிவிடும். சேவல்களின் எண்ணிக்கையைப் பேடுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தக் கோழிகளால் வகுத்தால் மரபளவில் அந்த மந்தையின் உண்மையான அளவு தெரியும். 1 சேவலும் 100 பேடும் உள்ள பண்ணைக்கு விடை 4கூட இல்லை. பார்வைக்கு 101 கோழி. மரபுக்கு 2 சேவலும் 2 பேடும்தான். இப்படிப்பட்ட மந்தையில் ரத்த உறவுச் சேர்க்கை ஒவ்வொரு தலைமுறைக்கும் சுமார் 12.5 சதவீதம் ஏறும். மரபளவிலான மந்தை அளவு 50க்குக் கீழே போகக்கூடாது என்பது ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் வழிகாட்டல். அதே 100 பேட்டுக்கு 20 சேவல் இருந்தால் விடை கிட்டத்தட்ட 67. இருபது சேவலுக்குத் தீனி போட ஒருவரால் ஆகாது என்பது சரி. ஆளுக்கு இரண்டாகப் பத்துப் பேர் வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் மாற்றிக்கொண்டால் ஆகும்.

குஞ்சுகள் திடமாகத்தானே இருக்கின்றன என்பார்கள். கூமுட்டையையும், ஓட்டுக்குள்ளேயே செத்ததையும், முதல் வாரத்தில் சுருண்டு விழுந்ததையும் யாரும் கண்காட்சிக்குக் கொண்டுவருவதில்லை. அங்கே நிற்பது பிழைத்த ஒன்று. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் புல்வெளிக்கோழி ஐம்பதுக்கும் கீழே குறைந்தபோது முட்டை பொரிப்பது வெகுவாக வீழ்ந்தது. 1992 முதல் வேறு மாநிலங்களிலிருந்து அதே இனப் பறவைகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது நிமிர்ந்தது. வெளிச் சேவல் வந்தால் தூய்மை கெடும் என்ற பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: வேறு மாவட்டத்து அசில் அசில்தான், அது கலப்பு ஆகாது. நம் முன்னோர் இப்படித்தான் வளர்த்தார்கள் என்பதும் பொய். அவர்கள் கோழியைப் பங்குக்கு வளர்க்க, வாரத்துக்கு விட்டார்கள். சந்தையில் விற்று வேறு ஊர்ச் சேவல் வாங்கினார்கள். மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் பேடு கொடுத்தனுப்பினார்கள். தெருவில் மேய்ந்த சேவலுக்கு வேலி ஏது? அந்தப் போக்குவரத்துதான் இனத்தைக் காத்தது. இன்றைய ரசிகர்கள் அதைக் கூண்டு போட்டு நிறுத்திவிட்டு, மரபு என்று பெயரும் சூட்டுகிறார்கள்.

இந்தப் போக்கின் வேர் கண்காட்சித் திடலில் இருக்கிறது. அலகு, கொண்டை, கண், வால் பார்த்துப் பரிசு கொடுக்கும்வரை, வளர்ப்பவர் அவற்றுக்காகவே வளர்ப்பார். தானே அடை உட்கார்ந்து, பொரித்து, பருந்துக்கும் காக்கைக்கும் குஞ்சைக் கொடுக்காமல் வளர்த்தெடுக்கும் சிறுவிடைப் பேட்டை அங்கே யார் ஏறெடுத்துப் பார்க்கிறார்கள்? காலில் எண் வளையமும், தாய் தந்தை யார், எத்தனை முட்டை வைத்து எத்தனை பொரித்தது என்று எழுதிய நோட்டும் இல்லாத சேவலை வரிசையில் நிறுத்தக்கூடாது என்று ஏற்பாட்டாளர்கள் விதி வைக்கட்டும். முதல் பரிசு பெற்றவர் அடுத்த ஆண்டுக்குள் தன் சேவலின் வாரிசு ஒன்றை வேறு மாவட்டத்தாருக்குக் கொடுத்து, அவரிடமிருந்து ஒன்றை வாங்கியிருக்க வேண்டும் என்றும் வைக்கட்டும். நோட்டுக்கும் வளையத்துக்கும் ஆகும் செலவு, ஒரு பரிசுக் கோப்பையின் விலைகூட வராது.