மணி என்கிற நாயின் அட்டை

மணியின் தடுப்பூசி அட்டை இப்போதும் என் மேஜையில்தான் கிடக்கிறது. உள்ளங்கை அகலத்தில் எட்டுப் பக்கம். முன்னட்டையில் எங்கள் தெருவில் ஒருநாளும் பார்த்திராத ஒரு வெளிநாட்டு நாய் சிரிக்கிறது, அதற்குக் கீழே ஊசி மருந்துக் கம்பெனியின் பெயர். உள்ளே, பெயர்: மணி. இனம்: நாட்டு நாய். நிறம்: செவலை. அடுத்த பக்கத்திலிருந்து கட்டங்கள். கட்டங்களில் எழுதியிருந்த எல்லாத் தேதிகளும் நீல மேகம் மாதிரி கலைந்து போயிருக்கின்றன.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி சிந்துபூந்துறைக்குள் வந்தபோது எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அந்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. பத்திரம், ரேஷன் கார்டு, என் இன்ஜினியரிங் சர்டிபிகேட் எல்லாவற்றையும் அம்மா பரண்மேல் ஏற்றிவிட்டாள். மணியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனது நான். அதன் அட்டை மட்டும் டிவி ஸ்டாண்டின் கீழ் டிராயரிலேயே இருந்துவிட்டது. மூணு நாள் கழித்துச் சேற்றோடு எடுத்து வெயிலில் காயப்போட்டேன். பால்பாயின்ட் மை போய்விட்டது. மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சின்ன லேபிள்கள் மட்டும் பிழைத்துக் கிடந்தன. அவற்றில் பேட்ச் நம்பரும் காலாவதி மாதமும் இருந்தன. மருந்து எப்போது கெட்டுப்போகும் என்று தெரிந்தது, எப்போது போட்டார்கள் என்று தெரியவில்லை.

அப்போது அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. ஊரே சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தது, நாயின் அட்டையை யார் நினைப்பார்கள்.

2024 ஆனித் தேரோட்டத்துக்கு முந்தின வாரம், பக்கத்து வீட்டுப் பையன் பந்து எடுக்கக் கையை நீட்டியபோது மணி கடித்துவிட்டது. ஏழு வயசுப் பையன். புறங்கையில் ரெண்டு பல் பதிந்து ரத்தம். குழாயடியில் வைத்து சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவினோம். அவன் அம்மா அழவில்லை, சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "தம்பி, இதுக்கு ஊசி போட்டிருக்கியளா, இல்லியா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

என்னால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. அந்த அட்டையை ஒரு பிரதியாக எடுத்து வாசிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பு.

*

ஒரு பிரதியை வாசிக்கும்போது முதலில் கேட்கவேண்டியது இதை எழுதியது யார், யாருக்காக என்பதுதானே. மணியின் அட்டையை வடிவமைத்தது மருந்துக் கம்பெனி. நிரப்பியது டாக்டர். பத்திரப்படுத்த வேண்டியது நாங்கள். வாசிக்கப்போவது யார் என்று மூன்று பேரில் யாருமே யோசித்ததாகத் தெரியவில்லை. அதன் இலக்கணம் ரெண்டே வினைகளால் ஆனது: போட்டது, போடவேண்டியது. ஊசி விற்பவருக்கு அந்த ரெண்டும் போதும். எட்டுப் பக்கத்தில் நோய் வந்த கதைக்கு ஒரு பக்கம்கூட இல்லை. எடை எழுத இடம் இருக்கிறது, குட்டியாய்க் கொண்டுபோன முதல் நாளைத் தவிர எழுதவில்லை. இத்தனைக்கும் குடற்புழு மருந்திலிருந்து மயக்க ஊசிவரை நாய்க்குக் கொடுக்கும் பெரும்பாலானவை கிலோக் கணக்கில் அளந்து தரப்படுபவை. ஊசி போட்ட அன்றைக்கு முகம் வீங்கியதா, வாந்தி எடுத்ததா என்று எழுதவும் இடமில்லை. அடுத்தமுறை ஊசி போடப்போகும் டாக்டர் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.

அட்டைக்கு நியாயம் செய்வதென்றால் ஒன்றைச் சொல்லவேண்டும். குட்டியின் முதல் நாலு மாதத்துக்கு இந்தக் கட்டங்கள் உயிர் காப்பவை. தாய்ப்பாலின் வழியாக வந்த எதிர்ப்புப் பொருள் குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை ஊசி மருந்தைச் செயல்படவிடாது. அது எந்த வாரம் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூணு நாலு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ரேபிஸ் ஊசி மூணு மாதத்தில், பிறகு வருஷா வருஷம். நடுவில் ஒன்றை மறந்தால் பார்வோ உள்ளே வர அந்த இடைவெளி போதும். வயல்வெளியும் எலியும் தேங்கிய தண்ணீரும் உள்ள நம் ஆற்றோரத்தில் எலிக்காய்ச்சலுக்கான லெப்டோ ஊசியையும் வருஷம் தவறாமல் போடவேண்டும், அதுவும் ஒரு வெள்ளத்துக்குப் பிறகு. இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ள முடியாது. கட்டம் வேண்டும்.

ஆனால் கட்டம் ஊசி போனதை மட்டும்தான் சொல்கிறது. அந்தக் குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்ததா, கரண்ட் போன மத்தியானத்தில் ஃப்ரிட்ஜ் என்ன ஆனது என்பதை எந்த அட்டையும் சொல்வதில்லை.

அதைவிட அடிப்படையான குறை ஒன்று உண்டு. டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவனுக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். கிளினிக் வராந்தாவில் "மணி" என்று கூப்பிட்டால் மூணு நாய் திரும்பிப் பார்க்கும். செவலை நிறத்து நாட்டு நாய் தெருவுக்குப் பத்து. இந்த அட்டை இந்த நாய்க்கு உரியது என்பதற்கு அட்டைக்குள் எந்தச் சான்றும் கிடையாது. ஒரு போட்டோ, நெற்றியில் உள்ள வெள்ளைப் பொட்டு, காலில் உள்ள தழும்பு, எதுவும் இல்லை. இதே சமவெளியில் பக்கத்து ஊர்ப் பசுவின் காதில் மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் தொங்குகிறது. அந்த எண்ணைத் தட்டினால் அதன் கோமாரி ஊசித் தேதி வரைக்கும் அரசாங்கக் கணினியில் இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. பால் தரும் உயிருக்கு எண் கிடைத்தது, வாசலில் கிடக்கும் உயிருக்குக் கிடைக்கவில்லை. 2025இல் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. தோலுக்கடியில் அரிசி அளவில் 15 இலக்க எண். அதை நான் வரவேற்கிறேன். வாசிக்கும் கருவி கையில் இல்லாதவனுக்கு அது வெறும் அரிசிதான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

தெருநாய்க்கு அட்டை அதன் காதுதான். கருத்தடை செய்து ரேபிஸ் ஊசியும் போட்டுவிட்ட நாயின் காதில் ஒரு சிறு வெட்டு வைத்து, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்பது விதி. 2001இலும் 2023இலும் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் இரண்டின் வழியும் இதுதான். வெள்ளத்தில் அழியாத, தொலையாத, தூரத்திலிருந்தே வாசிக்கக்கூடிய ஆவணம் அது. ஆனால் அந்த வெட்டில் வருஷம் இல்லை. கருத்தடை ஒருமுறை நடப்பது, அதற்கு அந்தக் குறி போதும். ரேபிஸ் ஊசியோ திரும்பப் போடவேண்டியது. காது வெட்டைப் பார்த்து "இது ஊசி போட்ட நாய்" என்று நாம் ஆறுதல் அடையும்போது, ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு செய்தியை இன்றைய செய்தியாக வாசிக்கிறோம்.

*

கடிபட்ட பையனோடு ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். போகிற வழியில், அட்டையில் தேதி மட்டும் தெரிந்திருந்தால் பையனுக்கு ஊசி வேண்டியிருக்காதே என்று மனசு அடித்துக்கொண்டது. டாக்டர் அம்மா அதை ஒரே நிமிஷத்தில் தீர்த்துவைத்தார். "அட்டை இருந்தாலும் இல்லாட்டியும் பையனுக்கு இன்னைக்கே ஊசி ஆரம்பிக்கணும் தம்பி. நாய்க்கு ஊசி போட்டிருக்குன்னு சொல்லி இங்க யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம்." தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட்டார்கள். பிறகு 0, 3, 7, 28 என்று நாலு நாட்களுக்கான தேதிகள் எழுதி ஒரு சீட்டு. அந்தச் சீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். ஒரு சின்னக் காகிதம், நாலு தேதி, ஒரே கேள்விக்கு ஒரே பதில்.

எதிர்வீட்டு ஆச்சி, "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசியாய்யா?" என்று பதறினாள். ஆட்டு மூளையில் தயாரித்த அந்தப் பழைய மருந்தை நாடு 2004இன் முடிவோடு கைவிட்டுவிட்டது. 1907இல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிலையமும் அந்தப் பதினாலு ஊசி மருந்தைத் தயாரித்த இடம்தான். ஆச்சியின் நினைவில் அந்த ஊசி இன்னும் காலாவதி ஆகவில்லை.

அப்படியென்றால் நாயின் அட்டை எதற்கு? மனிதனின் ஊசியைத் தவிர்க்க என்பது தவறான பதில். பலர் அந்த நம்பிக்கையில்தான் அட்டையை வைத்திருக்கிறார்கள். கடித்த பிறகு காட்டுவதற்கென்று ஒரு காகிதம். அதன் வேலை கடிக்கு ரொம்ப முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம்வரை நாயால் வருவது. ஒரு வட்டாரத்தின் நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி இருந்தால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோய்க்குறி தெரிந்தபின் காப்பாற்ற வழியே இல்லாத ஒரு நோயில் அட்டை என்பது எச்சரிக்கை மணி. நாங்கள் அதைச் சான்றிதழாக நினைத்து டிராயரில் வைத்திருந்தோம்.

ஊசி போட்ட கிளினிக்குக்குப் போய்ப் பதிவேட்டைக் கேட்டேன். இருந்தது. தேதிவாரியாக, நல்ல கையெழுத்தில். "எந்தத் தேதின்னு சொல்லுங்க சார், பாத்துச் சொல்லுதேன்" என்றார் அங்கிருந்தவர். நான் போனதே தேதியைக் கேட்கத்தான். "தேரோட்டத்துக்கு முந்திதான போட்டோம்" என்றாள் அம்மா. எந்த வருஷத் தேர் என்று கேட்டால் அவளுக்குக் கோபம் வந்தது. கடைசியில் நாலாவது நாள் ஜிபேயில் தேடிக் கிடைத்தது: 2023 மே மாதக் கடைசியில் கிளினிக்குக்கு ஒரு தொகை போயிருக்கிறது. பணம் போன தேதி, மணி, நிமிஷம் எல்லாம் இருந்தது. எதற்காகப் போனது என்பது மட்டும் இல்லை. ரேபிஸ் ஊசியாகத்தான் இருக்கவேண்டும், இருந்தாலும் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவிடம் அதை அப்படியே சொன்னேன். "போட்டிருக்குக்கா. ஆனா இந்த வருஷத்து ஊசியத் தவற விட்டுட்டேன்." அவள் ஒன்றும் சொல்லவில்லை.

*

டாக்டர் அம்மா சொன்ன இன்னொரு விஷயம் நாயைப் பத்து நாள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது. கிருமி நாயின் எச்சிலில் வருவது நோய்க்குறி தெரிவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான். குறி தெரிந்த நாய் சில நாட்களுக்குமேல் தாங்காது. எனவே கடித்த நாய் பத்து நாள் கழித்தும் நன்றாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் கிருமி இல்லை. தவறவிட்ட ஊசியை உடனே போட்டுவிடலாமா என்று கால்நடை டாக்டரிடம் கேட்டதற்கு, "பத்து நாள் முடியட்டும். இப்பப் போட்டு நாளைக்குச் சோர்ந்து படுத்தா, ஊசியால படுத்துச்சா நோயால படுத்துச்சான்னு யாரு சொல்லுவா?" என்றார்.

அந்தப் பத்து நாள் குறிப்பை எழுதியது அம்மா. நான் ஏற்கெனவே மணிக்காக ஒரு ஆப் செய்து வைத்திருந்தேன், வெள்ளத்துக்கு அப்புறம், வீறாப்பில். 23 புலங்கள், கிளவுட் பேக்கப், நினைவூட்டல். மூணு வாரத்துக்குப் பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை, நான் உட்பட. இலக்கிய விமர்சகன் தன் கதையை விமர்சிக்கக் கூடாது என்பார்கள். என் ஆப்பை விமர்சிப்பேன்: அதுவும் மருந்துக் கம்பெனி அட்டை செய்த தப்பையே செய்தது. நிரப்புகிறவர் யார் என்று யோசிக்காமல் கட்டம் போட்டது. அம்மா பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில் எழுதினாள். "மணி சோறு தின்னுச்சு. தண்ணி குடிச்சுது." அடுத்த நாள், "தின்னுச்சு. வாலாட்டுச்சு." ஆறாம் நாள், "காலைல திங்கல." அன்றைக்கு மத்தியானம்வரை எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. நாலு மணிக்கு அவளே அதன் பக்கத்தில், "கருவாடு போட்டதும் தின்னுச்சு" என்று சேர்த்திருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா தினமும் சாயங்காலம் காம்பவுண்டு சுவரோரம் வந்து காலண்டரைக் கேட்பாள். அம்மா கழற்றிக்கொண்டு போய்க் காட்டுவாள். பத்து நாளும் அவர்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் வேறு பேச்சு இல்லை.

பதினோராம் நாள் மணிக்கு ஊசி போட்டோம். பையன் தன் நாலாவது ஊசியையும் முடித்தான். இந்த வகையில் நான் வாசித்த ஆவணங்களில் சிறந்தது அந்தக் காலண்டர்த் தாள் என்பதே என் முடிவு. அதற்கு ஒரு வாசகி இருந்தாள். அவளுடைய கேள்விக்குப் பதிலாகத்தான் ஒவ்வொரு வரியும் எழுதப்பட்டது.

அதற்காக அட்டையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பால் காலண்டரில் பேட்ச் நம்பர் ஒட்ட முடியாது. புது அட்டை வாங்கியதும் செய்ததெல்லாம் எளிய காரியங்கள். முதல் பக்கத்தில் மணியின் முகத்தையும் பக்கவாட்டையும் போட்டோ எடுத்து ஒட்டினேன். லேபிளுக்குப் பக்கத்தில் தேதியைப் பென்சிலால் எழுதுகிறேன், கிராஃபைட் தண்ணீரில் கரையாது. ஒவ்வொரு முறையும் எடை. கடைசி வெள்ளைப் பக்கத்தில் வந்த நோய், கொடுத்த மருந்து, ஒத்துக்கொள்ளாதது. கிளினிக்கை விட்டு வெளியே வருமுன் பக்கத்தை போட்டோ எடுத்து அம்மாவுக்கும் தங்கைக்கும் அனுப்பிவிடுவது. இதில் எதற்கும் ஆப் தேவைப்படவில்லை.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். தொறு மீட்கும் சண்டையில் செத்த வீரனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். உருவம், பெயர், அது செய்த காரியம், அரசனின் ஆட்சியாண்டு எல்லாம் அந்தக் கல்லில் இருக்கின்றன. மணியின் பழைய அட்டையில் பெயர் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

புது அட்டையில் அடுத்த ஊசிக்கான தேதியை டாக்டர் எழுதியதும் அம்மா அதைக் காலண்டரிலும் எழுதச் சொன்னாள். அடுத்த வருஷத்துக் காலண்டர் அப்போது கைக்கு வந்திருக்கவில்லை. வந்த அன்றைக்கு, பால் கணக்குக்கு முன்னால் அதைத்தான் முதலில் எழுதினாள்.